குதிகாலும் முழங்காலும்

நீரிழிவுள்ள ஒருவருக்குக் குதிகால் எலும்பில் சீழ் பிடித்துவிட்டால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடுவதே உத்தமம் என்னும் அபிப்பிராயம் தென்காசிச் சீமையில் இன்று ஏறக்குறைய ஒரு சாஸ்திர விதியாகவே நிலைபெற்றிருக்கிறது. இன்றைக்குக் குதிகாலைச் சுரண்டுவார்கள், அடுத்த மாதம் கணுக்காலுக்கு வருவார்கள், அதற்கடுத்த மாதம் முழங்காலைத் தொடுவார்கள். மூன்று தடவை அறுபட்டு மூன்று தடவை கடன்படுவதைவிட ஒரே தடவையில் முடித்துவிட்டால் பணமும் மிச்சம், பிராணனும் மிச்சம் என்று, செங்கோட்டைக் கடைத்தெருவிலும், பாவூர்ச்சத்திரத்துக் காய்கறிச் சந்தையிலும், ஆஸ்பத்திரி வராந்தாவில் துணைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் மைத்துனர்மாரிடத்திலும், ஏன், வெள்ளைக் கோட்டு அணிந்த சிலரிடத்திலுங்கூட, இதை ஒரே வாய்ப்பாடாகக் கேட்கலாம். இந்த வாய்ப்பாட்டை மறுப்பதற்காகவே எழுதுகிறேன். காலை எடுக்க வேண்டிய சந்தர்ப்பமே கிடையாது என்று சாதிப்பது என் நோக்கமன்று. உண்டு, அதை உரிய இடத்தில் ஒளிக்காமல் சொல்வேன். ஆனால் அந்தச் சந்தர்ப்பம் வந்திருக்கிறதா என்று பார்த்தறியும் முன்னரே, குதிகால் என்ற பேச்சு எழுந்தவுடன் ரம்பத்தைத் தேடுவது வைத்தியமும் ஆகாது, விவேகமும் ஆகாது. அன்றியும், இந்த அபிப்பிராயம் தனக்கு வேண்டிய சாட்சிகளைத் தானே உற்பத்தி செய்துகொண்டு, பிறகு அந்தச் சாட்சிகளைக் காட்டியே தன்னை நிலைநாட்டிக்கொள்கிறது என்பது என் முக்கியமான குற்றச்சாட்டு.

முதலில் அந்த எலும்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பாதத்தின் பின்பகுதியிலும் நடுப்பகுதியிலுமாக உள்ள ஏழு கணுக்கால் எலும்புகளில் குதிகால் எலும்பே பெரியது. வெளியே மெல்லிய ஓடும், உள்ளே துளைகள் மலிந்த மிருதுவான பகுதியும் கொண்ட அது, நடக்கும்போது தரையில் முதலில் ஊன்றுவதாகையால், அதன் அடியில் நார்த்தடுப்புகளால் அறை அறையாகப் பிரிந்த கொழுப்பு மெத்தை ஒன்றை இயற்கை அமைத்திருக்கிறது. அந்த மெத்தை ஒருமுறை அழுகிப்போனால் மறுபடியும் வளர்வதில்லை. அதற்கு ஈடான சதை தேகத்தில் வேறெங்கும் இல்லை. சர்க்கரை வெகுகாலம் மிகுந்திருந்த உடம்பில் பாதத்தின் உணர்ச்சி மரத்துப்போகிறது. வியர்வை குன்றித் தோல் வறள்கிறது. பித்தவெடிப்பு ஆழமாகப் பிளக்கிறது. வயல் வரப்பில் ஏறிய முள்ளோ, செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு வந்த ஆணியோ குத்தியது தெரியாமலேயே நாட்கள் கழிகின்றன. வேறொரு வழியும் உண்டு. பக்கவாதத்தாலோ, இடுப்பெலும்பு முறிந்தோ மாதக் கணக்கில் மல்லாந்து கிடக்கும் முதியவரின் குதிகால், படுக்கையில் ஒரே இடத்தில் அழுந்தி, கறுத்து, புண்ணாகிறது. குதிகாலின் பின்புறத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சொல்லத்தக்க தசை ஏதும் இல்லாமையால், புண் எலும்பை எட்டுவதற்கு வெகுதூரம் பிரயாணம் செய்ய வேண்டியதில்லை.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு வழியும் இருக்கிறது. ஆனி பிறந்து சாரல் இறங்கியதும் குற்றாலத்தின் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் ஜனங்கள் வெறுங்காலோடு ஈரப்பாறையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மலை மூலிகைகளைத் தழுவிக்கொண்டு விழும் தண்ணீர் எந்தப் புண்ணையும் ஆற்றும் என்று நம்பி, குதிகாலின் கட்டை அவிழ்த்துவிட்டு அருவியில் காலை நீட்டுகிறவர்களும் அவர்களுள் உண்டு. அருவியின்மேல் எனக்கும் பக்தி உண்டு, இலக்கியச் சுவைஞர் ரசிகமணி டி. கே. சி. தம் பிற்காலத்தைக் கழிக்கத் தேர்ந்துகொண்ட ஊரைக் குறைசொல்ல எனக்கு நா எழாது. ஆயினும் மனத்துக்கு ஆரோக்கியம் தருவதெல்லாம் திறந்த புண்ணுக்கும் ஆரோக்கியம் தரும் என்று யாரும் சாசனம் எழுதித் தரவில்லை. மரத்துப்போன பாதம் பாறையில் எங்கே கிழிபட்டது என்று அதை உடையவருக்கே தெரியாது. ஊர் திரும்பி, செருப்பில் கறை கண்ட பிறகுதான் தெரியவரும்.

இனி வாதத்துக்கு வருகிறேன். காலை எடுப்பதே உத்தமம் என்னும் கட்சியின் முதல் தூண், "சர்க்கரை உடம்பு, அறுத்தால் ஆறாது" என்பது. இதைச் சொல்பவர்கள் இது ஏதோ புதிய ஞானம் என்று எண்ணுகிறார்கள். எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே வார்த்தையை, இதே நிச்சயத்தோடு, தொழுநோயாளிகளின் பாதத்தைப் பற்றி உலகம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது. தொழுநோயால் கெட்ட சதை தானாகவே அழுகும், அதில் புண் ஆறாது, அறுவை செய்வது வீண் வேலை என்று வைத்தியர்களே நம்பினார்கள். கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்துசேர்ந்த பால் பிராண்ட் என்னும் ரணசிகிச்சை நிபுணர், செங்கற்பட்டிலும் வேலூரிலும் அந்தப் பாதங்களைப் பொறுமையோடு பரிசீலித்து, அந்தச் சதை ஆறும் சக்தியை இழக்கவில்லை என்றும், வலி என்னும் காவல்காரன் இல்லாத காரணத்தால் நோயாளி புண்ணின்மேலேயே நாள்தோறும் நடந்து அதை ஆறவிடாமல் செய்கிறார் என்றும் கண்டார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை நீக்கிய மாத்திரத்தில், வருஷக் கணக்கில் ஆறாத புண்கள் ஆறின. இலங்கையில் மில்ராய் பால் என்னும் தமிழ் ரணசிகிச்சை நிபுணர் அதற்கும் முந்தியே, 1930-களில், இத்தகைய புண்களுக்கு நடைக்கட்டுப் போட்டுச் சிகிச்சை செய்திருந்தார். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தோன்றிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த அனுபவமெல்லாம் முறைப்படி வளர்ந்தது. மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்துத் தைத்த செருப்பும் அந்த வட்டாரத்தின் முயற்சியிலிருந்தே பரவியது. பிராண்ட் 1966-இல் அமெரிக்காவில் கார்வில் என்னும் ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, அந்நாட்டு நீரிழிவு நோயாளிகளின் பாதத்திலும் அதே காரணம் அதே விளைவைச் செய்வதைக் கண்டு, இங்கே கற்ற வித்தையை அங்கே பிரயோகித்தார். நீரிழிவுப் பாதத்தைக் காக்கும் இன்றைய உலகச் சம்பிரதாயத்தின் ஒரு வேர் இவ்வாறு தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது. அப்படியிருக்க, அதே மண்ணில் நின்றுகொண்டு "ஆறாது" என்று ஒரே சொல்லில் ஒருவர் தீர்ப்பளிப்பது எவ்வளவு விபரீதம்!

தொழுநோய் வேறு, நீரிழிவு வேறு என்று எதிர்க்கட்சியார் ஆட்சேபிக்கலாம்; நியாயமான ஆட்சேபம். நீரிழிவில் உணர்ச்சி மரப்பதோடு ரத்தக் குழாயும் சுருங்கி அடைபடுகிறது. ரத்தம் வராத இடத்தில் எந்தப் புண்ணும் ஆறாது என்பதும் உண்மை. ஆனால் அந்த உண்மையிலிருந்து பிறக்க வேண்டிய கேள்வி, இந்தக் காலுக்கு ரத்தம் வருகிறதா என்பதல்லவா? புறங்காலிலும், உள்கணுவுக்குப் பின்னாலும் விரலை வைத்து நாடி பார்ப்பதற்குக் காசு தேவையில்லை. நாடி தெளிவாக இல்லையென்றால் டாப்ளர் பரிசோதனை இருக்கிறது. சர்க்கரை நோயாளியின் குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறி விறைத்திருந்தால் கணுக்கால் ரத்த அழுத்தக் கணக்கு பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், கால்விரலின் அழுத்தத்தை அளக்கும் முறையும் இருக்கிறது. அடைப்பு இருந்தால் அதைப் பலூன் செலுத்தி விரிக்கவும், சில சமயங்களில் மாற்றுக் குழாய் வைத்துத் தைக்கவும் முடிகிறது. குதிகாலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது: உட்புறத்தில் பின்கால் தமனியின் கிளை, வெளிப்புறத்தில் மற்றொரு தமனியின் கிளை. இவற்றில் எது திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்று ஒரு தடவையாவது பாராமல், "சர்க்கரைக் கால், ஆறாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது, அந்தக் காலின் நிலையைப் பரிசோதித்துக் கண்ட முடிவு ஆகாது.

இரண்டாவது தூண்: குதிகால் எலும்பை எடுத்துவிட்டால் மனிதன் நடப்பது எப்படி? கேட்பதற்கு மிகவும் பலமாகத் தோன்றும் இந்த வாதம், அந்தச் சிகிச்சையை அறியாதவர்களிடத்தில் மட்டுமே பலிக்கும். குதிகால் எலும்புச் சீழுக்குக் கத்தி வைப்பது நேற்று வந்த வழக்கம் அல்ல. கிருமிகளைக் கொல்லும் இன்றைய மருந்துகள் ஒன்றும் வழக்கத்துக்கு வராத 1931-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் கேன்ஸ்லன் என்பவர், உள்ளங்காலின் நடுக்கோட்டில் குதிகாலைப் பிளந்து எலும்பின் உள்ளே புகுந்து, கெட்டதைச் சுரண்டி எடுக்கும் முறையை எழுதி வெளியிட்டார். நடுக்கோடு என்பது தற்செயலாகத் தேர்ந்த இடம் அல்ல. இருபுறமிருந்தும் வரும் ரத்தக் கிளைகள் சந்திக்கும் எல்லை அது என்பதால், அங்கே கீறினால் தோலின் ஊட்டம் கெடுவது குறைவு. பின்னர், எலும்பின் உள்ளே சுரண்டுவதோடு நில்லாமல், கெட்டுப்போன பின்பகுதியையே வெட்டி எடுத்துவிடும் முறை வளர்ந்தது. 1981-இல் கிராண்டல், வாக்னர் என்னும் இருவர் இதைப் பற்றி, எலும்பின் ஒரு பகுதியை எடுப்பது, முழுவதையும் எடுப்பது ஆகிய இரண்டையும் சேர்த்து ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள்.

இந்த முறையின் சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்தது. அதனால் சற்று விரித்துச் சொல்கிறேன். குதிகால் புண்ணை மூடுவதில் உள்ள பெருங்கஷ்டம் தோல் போதாமை. புண்ணைச் சுற்றியுள்ள அழுகலை வெட்டி நீக்கினால் ஓட்டை இன்னும் பெரிதாகிறது. அந்தத் தோலோ இழுத்தால் வருவதன்று. வேறிடத்துத் தோலை ஒட்டினால் உடம்பின் பாரத்தைத் தாங்காமல் கிழிகிறது. வாய் கட்ட வராத அரிசி மூட்டையிலிருந்து இரண்டு படியை அளந்து எடுத்துவிட்டால் வாய் தானே சேர்ந்துகொள்வதுபோல, உள்ளே பின்பகுதி எலும்பை எடுத்துவிட்டால் வெளித்தோல் தளர்ந்து, இரண்டு விளிம்பும் இழுப்பின்றிப் பொருந்துகின்றன. ஆகவே ஒரே காரியத்தால் கிருமி குடியிருந்த எலும்பும் போகிறது, மூடுவதற்குத் தோலும் கிடைக்கிறது. மேல்மூட்டுக்குப் பின்னால் தொடங்கி, முன்னும் கீழுமாகச் சாய்வாக வெட்டுகிறார்கள். முனைகளை மழுங்கச் செதுக்குகிறார்கள். எஞ்சிய எலும்பிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அதில் கிருமி மிச்சமிருக்கிறதா என்று சோதனைச்சாலைக்கு அனுப்புகிறார்கள். கெண்டைக்காலிலிருந்து இறங்கும் தடித்த தசைநாண் இந்த எலும்பில்தான் பற்றியிருப்பதால் வெட்டும்போது அது விடுபடும். சீழ் இருந்த இடத்தில் அதைத் திரும்பத் தைப்பது பெரும்பாலும் வழக்கமில்லை.

அதன் விளைவு என்ன? முன்போல் துள்ளி நடக்க முடியாது. பாதத்தை உந்தித் தள்ளும் வேகம் குறையும். நடை சற்றுத் தளும்பும். குதிகாலின் வெற்றிடத்தை நிரப்பும் மெத்தையும், கணுவைத் தாங்கும் பட்டையும் கொண்ட விசேஷச் செருப்பு வேண்டும். இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரத்த காலோடு தடியூன்றி நடந்துகொண்டிருந்த அறுபத்தைந்து வயது மனிதருக்குத் துள்ளல் நடை எதற்கு? அவர் வேண்டுவது நடு இரவில் எழுந்து, விளக்கைப் போட்டு, கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவது. குதிகால் எலும்பில் பாதி இழந்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு அந்த ஏழெட்டு அடியைத் தம் சொந்தக் காலில் நடந்துவிடுவார். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர், உறக்கக் கலக்கத்தில் செயற்கைக் காலைத் தேடி, உறையை இழுத்து, பொருத்தி, எழுந்து நிற்பதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது. அல்லது காலை மறந்து எழுந்து விழுந்து, இடுப்பை முறித்துக்கொள்கிறார். ஜெய்ப்பூர் கால் போன்ற அரிய சாதனங்களைக் குறைத்துப் பேசுவதாக யாரும் கொள்ள வேண்டாம். 1960-களின் இறுதியில் சேத்தியும் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய அந்தக் கால், சேற்றில் இறங்கவும் குந்தி உட்காரவும் ஏழைகளுக்கு உதவியிருக்கிறது. ஆனால் அதை அணிந்து பழகத் தேக பலமும், மறுகாலின் உறுதியும், புண்படாத தோலும் வேண்டும். நீரிழிவாளரின் எஞ்சிய காலோ அதே வியாதிக்கு ஆட்பட்டது. அவருடைய வெட்டிய காலின் நுனித்தோலும் உணர்ச்சி குன்றியதாகவே பெரும்பாலும் இருக்கும். விபத்தில் காலை இழந்த இருபது வயது இளைஞன் செயற்கைக் காலோடு சைக்கிள் ஓட்டுவதைப் படம் பிடித்துக் காட்டி, சர்க்கரையால் நலிந்த அவன் பாட்டனாரிடம் "பயப்படாதீர்கள்" என்று சொல்வது நேர்மையான வாதமன்று.

"ஸைம் முறையில் கணுக்காலோடு எடுத்துவிட்டால் என்ன?" என்று விஷயம் தெரிந்தவர் ஒருவர் கேட்கலாம். எடின்பரோவில் ஜேம்ஸ் ஸைம் 1842-இல் வகுத்த அந்த அற்புதமான முறை, குதிகாலின் கொழுப்பு மெத்தையையே மடித்து நுனியில் வைத்து, நோயாளியை அதன்மேல் ஊன்றச் செய்வது. குதிகாலே கெட்டுப்போனவருக்கு அந்த மெத்தை ஏது? விரல்களில் அழுகல் வந்தவருக்குப் படிப்படியாக எத்தனையோ நிறுத்தங்கள் உண்டு. குதிகாலில் வந்தவருக்கு, எலும்பில் ஒரு பகுதியை எடுக்கும் இந்தச் சிகிச்சையை விட்டால் அடுத்த நிறுத்தம் முழங்காலுக்குக் கீழேதான். அதனாலேயே இந்தச் சிகிச்சையைப் பரிசீலனை செய்யாமல் தாண்டிப்போவது மன்னிக்கத்தகாத அவசரம் என்கிறேன்.

வாக்னர் என்ற பெயரைச் சொன்னேன். நம் ஆஸ்பத்திரிகளில் சர்க்கரைப் புண்ணை எடைபோட்டு நோயாளியின் தாளில் எழுதும் "வாக்னர் படி" அவர் பெயரால் வழங்குவதுதான். சுழியத்திலிருந்து ஐந்து வரை செல்லும் அந்த ஏணியில், எலும்பில் சீழ் பிடித்த புண் மூன்றாம் படி. முன்பாதத்தில் ஒரு பகுதி அழுகிக் கறுத்தால் நான்காம் படி. பாதம் முழுவதும் அழுகிவிட்டால் ஐந்தாம் படி. தாளில் "மூன்று" என்று எழுதிவிட்டு, அதே பேனாவால் ஐந்தாம் படிக்குரிய சிகிச்சையை எழுதுவதற்கு அந்த ஏணியில் அனுமதி இல்லை. ஏணியை வகுத்தவரே மூன்றாம் படியில் நிற்பவருக்குக் குதிகால் எலும்பை மட்டும் எடுக்கும் முறையைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதை, அவர் பெயரைத் தினந்தோறும் எழுதுகிறவர்கள் நினைவில் கொள்ளுவது நல்லது.

மூன்றாவது தூண், "மறுபடியும் வரும்" என்பது. ஆம், வருகிறது. ரணம் பிரிவதும், இரண்டாம் முறை சுத்தம் செய்ய நேர்வதும், மாதங்கள் இழுப்பதும் இந்தச் சிகிச்சையில் அபூர்வமல்ல. சிலருக்கு இறுதியில் கால் நீக்கமே கதியாகிறது. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவர்கள், புரதம் வற்றி வாடியவர்கள், ரத்த ஓட்டம் குறைந்தவர்கள், புகைபிடிப்பதை விடாதவர்கள், இவர்களிடத்தில் தோல்வி கூடுதல். ஆனால் "மறுபடியும் வரும்" என்று பயமுறுத்துபவர்கள், காலை எடுத்த பிறகு என்ன வரும் என்பதைச் சொல்வதில்லை. 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சித் தொகுப்பின்படி, நீரிழிவால் பெரிய அளவில் கால் நீக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளுக்குள் இறந்துபோகிறார்கள். அநேகப் புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது. இந்த மரணங்களுக்கெல்லாம் அறுவையே காரணம் என்று நான் சொன்னால் அது புரட்டு; அவ்வளவு நலிந்த உடம்புகளுக்குத்தான் கால் நீக்கம் நேர்கிறது, இருதயமும் சிறுநீரகமும் ஏற்கெனவே கெட்டிருக்கின்றன. ஆனால் "காலை எடுத்தால் பிராணன் மிச்சம், அத்தோடு தொல்லை தீர்ந்தது" என்று சொல்வதும் அதற்குச் சமமான புரட்டே. தீர்ந்தது என்று எண்ணிய தொல்லை, முழுப் பாரத்தையும் சுமக்கும் மறுகாலின் குதியில் மறுபடியும் தொடங்குகிறது.

காலை எடுக்க வேண்டிய சந்தர்ப்பத்தை ஒளிக்காமல் சொல்வதாக வாக்களித்தேன். விஷம் ரத்தத்தில் ஏறி, காய்ச்சலும் மயக்கமும் கண்டு, சீழ் கெண்டைக்கால் வரை பரவி, மணிக்கணக்கில் உயிர் ஊசலாடும்போது, காலைப் பற்றிய விவாதத்துக்கு இடமில்லை. பாதம் முழுதும் கறுத்துவிட்டால், அல்லது ரத்தக் குழாயைத் திறக்கும் எல்லா உபாயமும் தோற்றுவிட்டால், அல்லது கணுமூட்டும் மேலெலும்பும் சேர்ந்து கரைந்துவிட்டால், குதிகாலை மட்டும் எடுத்துப் பயனில்லை. நடக்கும் நிலையையே நிரந்தரமாக இழந்து, ஆறாத புண்ணின் வேதனையும் நாற்றமும் மட்டுமே மிஞ்சியவருக்கு, அவர் சம்மதத்தோடு ஒரே அறுவையில் விடுதலை தருவது கருணையாகவும் இருக்கலாம். இவையெல்லாம் நோயாளியைப் பார்த்த பின் எடுக்கும் முடிவுகள். குதிகால் என்று கேட்டவுடன் வருவது முடிவல்ல, பழக்கம்.

இந்த இடத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் ஒரு நண்பரையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. "கத்தியே படக்கூடாது, மருந்தால் ஆற்றிவிடலாம்" என்பது அவர் கட்சி. மூன்று மாதம் ஊசி, மூன்று மாதம் மாத்திரை, நடுவே பச்சிலைக் கட்டு, களிம்பு, மஞ்சள் தூள் என்று காலம் கடத்துகிறார். செத்த எலும்பில் ரத்தம் ஓடுவதில்லை. ரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்து போய்ச் சேர்வதில்லை. கிருமிகள் எலும்பின்மேல் மெல்லிய படலம் கட்டிக்கொண்டு அதனுள் மறைந்து வாழ்கின்றன. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசச் செயற்குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அறுவையின்றி மருந்தை மட்டும் கொண்டு முயலலாம் என்று சொல்லியிருப்பது முக்கியமாக முன்பாதத்து எலும்புக்கு. அதுவும் ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, எலும்பு வெளியே தெரியாமல், சீழைத் திறந்துவிடும் அவசரம் இல்லாதபோது. அப்படிப்பட்ட இடத்திலும் ஆறு வாரம் என்று அவர்கள் எல்லை கட்டியிருக்கிறார்கள். மாதக் கணக்கில் வாரியிறைக்கச் சொல்லவில்லை. புரைக்குள் மழுங்கிய உலோகக் கம்பியை விட்டு, கரகரவென்று எலும்பு தட்டுகிறதா என்று பார்க்கும் சாதாரணச் சோதனையைக்கூடச் செய்யாமல், "எக்ஸ்ரே நன்றாயிருக்கிறது" என்று ஆறுதல் கொள்ளுவதும் இந்தக் கட்சியின் பழக்கம். எலும்பில் கணிசமான பகுதி கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் நிழல் தெரியும். முதல் இரண்டு மூன்று வாரம் அது நன்றாயிருப்பதாகவே சொல்லும்.

வெளிப்பார்வைக்கு இரண்டு கட்சியும் பரம விரோதிகள். ஒன்று, முழுக்காலையும் வெட்டு என்கிறது. மற்றது, நகத்தைக்கூட வெட்டாதே என்கிறது. ஆனால் இவை ஒன்றையொன்று போஷித்து வளர்வதைக் கவனியுங்கள். கடையத்திலோ சுரண்டையிலோ ஒருவருக்குக் குதிகாலில் புண் வருகிறது. தெருவில் இதற்கு முன் இதே புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் காலில்லாமல் திரும்பியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆகையால் அவர் போக மாட்டார், மகனிடம் மறைப்பார், கட்டு நனைந்தால் மாற்றிக் கட்டிக்கொள்வார், பீடி சுற்றும் மனைவியிடம் "கொஞ்சம் வெடிப்பு, அவ்வளவுதான்" என்பார். நாற்றம் எழுந்து, காய்ச்சல் கண்டு, உளறல் தொடங்கிய இரவில் வாடகைக் காரில் ஏற்றி, நெடுந்தூரம் கடந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அப்போது அங்குள்ள மருத்துவர் காலை எடுப்பது நியாயம், வேறு வழியில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தெருவார் கண்டது என்ன? போனவர் மறுபடியும் காலில்லாமல் வந்தார். "பார்த்தாயா, கத்தி பட்டால் காலே போகும்" என்று ஒரு கட்சியும், "பார்த்தாயா, முதலிலேயே எடுத்திருந்தால் இவ்வளவு கஷ்டமில்லை" என்று மறு கட்சியும், ஒரே காலைச் சாட்சிக்கு இழுக்கின்றன. அடுத்த வீட்டில் புண் மறைக்கிறவர் ஒருவர் தயாராகிறார். இதைத்தான் தனக்கு வேண்டிய சாட்சிகளைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் அபிப்பிராயம் என்று முதலில் சொன்னேன். குதிகால் எலும்பில் ஒரு பகுதியை இழந்து, காலோடு திரும்பி வந்து, திண்ணையில் உட்கார்ந்து பேசும் நான்கு பேர் ஒவ்வொரு ஊரிலும் இருந்தாலன்றி இந்தச் சங்கிலி அறுபடாது; ஆயிரம் பிரசங்கம் செய்தாலும் அறுபடாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. குதிகாலைக் காக்கும் சிகிச்சையில் கட்டு மாற்றும் செலவும், வேலைக்குப் போகாமல் உட்காரும் நாட்களின் நஷ்டமும் அதிகம் என்பது உண்மை. காலை எடுத்தவர் இழக்கும் ஆயுட்கால வருமானத்தையும், அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேலையை விடுவதையும் எந்தக் கணக்குப் பிள்ளையும் எழுதாததால்தான் அது மலிவாகத் தெரிகிறது.

உண்மையான குறை பணத்தில் இல்லை. அறுவைக்குப் பின் வரும் வாரங்களில் இருக்கிறது. வெட்டித் தைப்பது இரண்டு மணி நேர வேலை. ஊன்றாமல் காப்பது மாதக் கணக்கு. மரத்த காலுக்கு வலிக்காது, ஆகவே நோயாளி எழுந்து நடந்துவிடுவார். நடந்தால் தையல் பிரியும். பிரிந்தால் "அன்றே சொன்னேன்" என்று வாய்ப்பாட்டுக்காரர் வந்து நிற்பார். இந்த மாதங்களைக் காவல் காப்பதற்கு வேண்டிய சாமக்கிரியைகள் நம் மாவட்டத்தில் இல்லாமலும் இல்லை. 2019 நவம்பர் 22-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. தண்டுவடம் முறிந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையிலும் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் நிறுவிய அமர் சேவா சங்கம் ஆய்க்குடியில் இருக்கிறது. படுக்கைப் புண் எங்கே, எப்படித் தோன்றும், அதைத் தவிர்க்கக் குதிகாலைப் படுக்கையில் படாமல் எப்படித் தூக்கி வைக்க வேண்டும் என்பதைத் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருடன் நெடுங்காலம் பழகியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நடைக்கருவிகளும் பட்டைகளும் செய்யும் கைகளும் அங்கே உண்டு. ரணசிகிச்சை செய்பவர், ரத்தக் குழாய் பார்ப்பவர், சர்க்கரையை அடக்குபவர், செருப்பும் பட்டையும் செய்பவர் ஆகிய நால்வரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வழக்கம் ஒன்றுதான் பாக்கி.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேர் நீரிழிவாளர்கள். பாதம் பாதுகாப்போம் என்று அரசே ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலமாகச் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரையைக் கொண்டுவரும் அந்தப் பெண், ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டவுடன் எழுந்துவிடாமல், "ஐயா, காலை நீட்டுங்க, பார்க்கட்டும்" என்று கேட்டு, இரண்டு குதிகாலையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வெடிப்போ கறுப்போ ஈரமோ கண்டால் அன்றே தென்காசிக்கு எழுதியனுப்புவதும், அங்கே முதலில் பார்ப்பவர் புறங்காலிலும் உள்கணுவுக்குப் பின்னாலும் நாடி பார்த்து, "இருக்கிறது" அல்லது "இல்லை" என்று தாளில் தம் கைப்பட எழுதுவதும் விதியாகட்டும். அந்த ஒரு வரி எழுதப்படாத தாளில், கால் நீக்கத்துக்கு எந்த மகனும் கையெழுத்திட வேண்டாம்.